ஓர் உடம்புக்கு நான்கு சீட்டு

பார்சல் ஆபீசில் உட்கார்ந்து சீட்டு எழுதுவது நம் பிழைப்பு. மும்பையிலிருந்து திருநெல்வேலிக்கு ஒரு மூட்டை போகிறதென்றால் அதற்கு ஒரு சீட்டு உண்டு. என்ன சரக்கு, எத்தனை கிலோ, அனுப்பியவர் யார், பெறுபவர் யார், எல்லாம் அதில் இருக்கும். நடுவழியில் வண்டி மாறினாலும் சீட்டு மூட்டையோடு போகும். மூட்டை தொலைந்தால் பதில் சொல்ல ஓர் அதிகாரி உண்டு. நஷ்ட ஈடு கேட்க ஒரு மனு உண்டு.

அதே மும்பையிலிருந்து அதே திருநெல்வேலிக்குப் போகிற மனிதனுக்கு, அவன் உடம்பில் நான்கு வியாதி இருந்தாலும், கூடவே போக ஒரு சீட்டு இல்லை. வழியில் அவன் தொலைந்தால் பதில் சொல்ல ஆளும் இல்லை. இந்த மாதம் நாம் பேச வந்தது அதைப் பற்றித்தான்.

ஒரு சாவும் ஒரு வசூலும்

நம் சால் வரிசையில் இட்லி அவித்து விற்ற ஒரு மதினி இருந்தார். பெயர் வேண்டாம், பெயர் சொன்னால் அவர் பிள்ளைகளுக்கு வருத்தம். தவிரவும், அவரைப் போல ஒருவர் ஒவ்வொரு வரிசையிலும் இருக்கிறார். விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து மாவைக் கரைத்து, ஆறு மணிக்குள் நானூறு இட்லி அவித்துக் கொடுத்தால், மகன் அதைத் தலையில் வைத்துக்கொண்டு புறப்படுவான். முப்பது வருஷம் அப்படி உழைத்தவர்.

ஊரில் கோயில் கொடைக்குப் போனபோது, ஆரம்ப சுகாதார நிலையத்தில் பார்த்துச் சர்க்கரை என்றார்கள். இங்கே திரும்பி வந்து மயக்கம் வந்தபோது மாநகராட்சி ஆஸ்பத்திரியில் பார்த்துப் பிரஷர் என்றார்கள். முழங்கால் வலிக்குத் தெருமுனை டாக்டர் மாத்திரை கொடுத்தார். இருமல் நிற்காமல் எடை இறங்கியபோது, காசநோய் என்று தனியாக ஓர் அட்டை போட்டார்கள். நான்கு வியாதி, நான்கு இடம், நான்கு பிளாஸ்டிக் உறை. ஒவ்வொரு டாக்டரும் தம் வியாதியைப் பார்த்தார். மதினியை முழுசாகப் பார்த்தவர் ஒருவரும் இல்லை.

நடுவில் மாமியார் இறந்து, இரண்டு மாதம் ஊரில் இருக்க வேண்டி வந்தது. இங்கே வாங்கிய மாத்திரை மூன்று வாரத்தில் தீர்ந்தது. "அங்கே போய்க் கேட்கலாம்" என்று மதினி சொன்னாராம். கேஸ் பேப்பர் மும்பையில் இருந்துவிட்டது. முழங்கால் மாத்திரை மட்டும் எந்தக் கடையிலும் கேட்டவுடன் கிடைத்தது. அதைத் தின்றுகொண்டே காரியங்களைச் செய்தார். திரும்பி வந்தபோது காலும் முகமும் வீங்கியிருந்தன. வார்டில் சேர்த்த அன்று இளம் டாக்டர் ஒருவர், "இந்தம்மா இதுவரை என்னென்ன மாத்திரை சாப்பிட்டார்?" என்று கேட்டார். மகன் நான்கு உறைகளையும் கட்டிலில் கொட்டினான். அந்த டாக்டர் நல்லவர். ஒவ்வொரு தாளாக எடுத்துப் பார்த்தார். பார்த்து முடிப்பதற்கு அவருக்கு அவகாசம் இருந்தது. மதினியின் சிறுநீரகத்துக்கு இல்லை.

அன்று சாயந்திரம் நாம் என்ன செய்தோம்? வழக்கமாகச் செய்வதைச் செய்தோம். நோட்டுப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போனோம். ராத்திரி பத்து மணிக்குள் 68,000 ரூபாய் சேர்ந்தது. உடலை ஊருக்கு அனுப்பினோம். நம் சங்கம் அதில் கெட்டிக்காரச் சங்கம் என்று பெயர் வாங்கியது. ஊரார் பாராட்டினார்கள்.

அதற்கப்புறம் கணக்கு எழுத உட்கார்ந்தபோதுதான் கை நின்றது. அந்த மதினி மாதம் 500 ரூபாய் மாத்திரைக்குச் செலவழித்தார். முடியாத மாதம் பாதி அட்டை வாங்கினார். அதுவும் முடியாதபோது ஒரு நாள் விட்டு ஒரு நாள் விழுங்கினார். ஒரே ராத்திரியில் நாம் வசூலித்த பணம் அவருடைய பதினோரு வருஷத்து மாத்திரைக் காசு. உயிரோடு இருந்தவரை அவர் நம்மிடம் கேட்கவில்லை. நாமும் கேட்கவில்லை. செத்த பிறகு கொடுத்தோம். இந்த வெட்கத்தை மறைத்துக்கொண்டு அரசாங்கத்தைக் குறை சொல்ல நமக்கு யோக்கியதை கிடையாது. அதனால் இதை முதலிலேயே சொல்லிவிட்டோம்.

பணக்கார வியாதியா?

சர்க்கரையும் பிரஷரும் பணக்கார வியாதி, உட்கார்ந்து தின்கிறவனுக்கு வருவது என்று இன்னமும் நம்மில் பலர் நினைக்கிறோம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நாடு முழுக்க நடத்திய ஆய்வின் முடிவு 2023-ல் வெளியாயிற்று. இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் 10 கோடிக்கு மேல். பெரியவர்களில் பட்டணத்தில் நூற்றுக்கு 16 பேர், கிராமத்தில் 9 பேர். ஆனால் சர்க்கரைக்கு முந்தைய நிலையில் இருப்பவர்கள் பட்டணமானாலும் பட்டிக்காடானாலும் நூற்றுக்கு 15 பேர். அதாவது, பட்டணம் முன்னால் போய்விட்டது, கிராமம் பின்னாலேயே வந்துகொண்டிருக்கிறது. ரத்த அழுத்தமோ பெரியவர்களில் மூவரில் ஒருவருக்கு மேல் இருக்கிறது.

இவை தனித்தனியாக வருவதில்லை என்பதுதான் விஷயம். சர்க்கரை நெடுநாள் ரத்தத்தில் நின்றால் சிறுநீரகம் கெடும். சிறுநீரகம் கெட்டால் பிரஷர் ஏறும். பிரஷர் ஏறினால் சிறுநீரகம் மேலும் கெடும், இருதயம் வீங்கும். சர்க்கரை இருக்கிறவருக்குக் காசநோய் வருகிற வாய்ப்பு மற்றவரைவிட இரண்டு மூன்று மடங்கு. காசநோய் வந்தால் சர்க்கரை கட்டுக்குள் நிற்காது. காசநோய் மருந்துகளில் ரிஃபாம்பிசின் என்று ஒன்று; அது சில சர்க்கரை மாத்திரைகளின் வேலையையும் சில பிரஷர் மாத்திரைகளின் வேலையையும் குறைத்துவிடும். டாக்டருக்கு அது தெரிந்தால் அளவை மாற்றிக் கொடுப்பார். தெரிய வேண்டுமானால் எல்லாச் சீட்டும் அவர் மேஜைக்கு வர வேண்டும். முழங்காலுக்கென்று கடையில் வாங்கும் வலி மாத்திரை, சர்க்கரையும் பிரஷரும் உள்ளவரின் சிறுநீரகத்துக்கு எதிரி. "சட்டென்று கேட்கும்" என்று சில இடங்களில் கலந்து கொடுக்கிற ஸ்டீராய்டு, சர்க்கரையைக் கிடுகிடுவென்று ஏற்றும். ஒரு டாக்டர் அணைக்கிற தீயில் இன்னொருவர் எண்ணெய் ஊற்றுகிறார். இருவருமே கெட்டவர்கள் அல்லர். இருவருக்கும் நடுவே ஒரு தாள் இல்லை, அவ்வளவுதான்.

1978-ல் அல்மா ஆட்டாவில் உலக நாடுகள் கூடி, "2000-க்குள் அனைவருக்கும் நல்வாழ்வு" என்று உறுதி கூறின. நம் அரசாங்கமும் 1983-ல் தன் சுகாதாரக் கொள்கையில் அதை ஏற்றுக்கொண்டது. நாம் அரைக்கால் சட்டையோடு பள்ளிக்கூடம் போன காலத்தில் சுகாதார நிலையச் சுவரில் அந்த வாசகம் இருந்தது. சுவர் இடிந்து புதுச் சுவர் வந்துவிட்டது. முதியோரைப் பற்றி மத்திய அரசு எடுத்து 2021-ல் வெளியிட்ட கணக்குப்படி, அறுபது வயதைத் தாண்டியவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் ஒன்றுக்கு மேற்பட்ட நாள்பட்ட வியாதிகளோடு வாழ்கிறார். நம் தாய் தகப்பன் அந்தக் கணக்கில் இருக்கிறார்கள்.

வாயைக் கட்டு என்கிறார்கள்

ஆஸ்பத்திரிக்குப் போனால் உபதேசம் கிடைக்கும். சோற்றைக் குறை, காய்கறி தின்னு, தினமும் அரை மணி நேரம் நட, நேரத்துக்குத் தூங்கு. வைத்திய சாஸ்திரப்படி இதில் ஒரு சொல்லும் தப்பில்லை. ஆனால் சொல்லப்படுவது யாருக்கு?

ரேஷனில் தலைக்கு ஐந்து கிலோ தானியம் கிடைக்கிறது, காய்கறி கிடைப்பதில்லை. பத்துக்குப் பத்து அறையில் ஆறு பேர் படுக்கிற வீட்டில் எங்கே நடப்பது? இரவு ஷிப்ட் முடிந்து காலையில் படுக்கிற காவலாளிக்கு எது சாப்பாட்டு நேரம், எது மாத்திரை நேரம்? "சாப்பாட்டுக்கு அரை மணி முன்" என்று சீட்டில் எழுதியிருக்கிறது. சாப்பாடே நிச்சயமில்லாதவன் மாத்திரையைப் போட்டுவிட்டு வேலைக்கு ஓடினால், நடுவழியில் சர்க்கரை இறங்கி வியர்த்து விழுகிறான். பார்க்கிறவர்கள் குடித்திருக்கிறான் என்று ஒதுங்கிப் போகிறார்கள்.

பெண்கள் விஷயத்தில் இன்னொன்று உண்டு. வெளியே சொல்லக் கூச்சப்படுவார்கள், நாம் சொல்கிறோம். பிரஷருக்குக் கொடுக்கும் மாத்திரைகளில் சில, நீர் பிரியச் செய்பவை. சர்க்கரை இருந்தாலே ராத்திரி மூன்று தடவை எழ வேண்டும். பொதுக் கக்கூஸ் சந்தின் கோடியில் இருக்கிறது, விளக்கு இல்லை, துணைக்கு ஆள் வேண்டும். ஆகவே நம் தாய்மார் சாயந்திரத்துக்குப் பிறகு தண்ணீர் குடிப்பதில்லை. பல பேர் அந்த மாத்திரையையே நிறுத்திவிடுகிறார்கள். டாக்டர், "ஏன் ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை?" என்று கோபிக்கிறார். இவர்கள் தலையைக் குனிந்துகொள்கிறார்கள். அங்கே தேவைப்படுவது இன்னொரு உபதேசமா, ஒரு கக்கூஸும் ஒரு விளக்குமா? நாள்பட்ட வியாதிக்கு மருந்து, மெடிக்கல் கடையில் மட்டும் இல்லை தோழர்களே. வார்டு ஆபீசிலும் இருக்கிறது.

நம் பங்குக் குற்றத்தையும் மறைக்க வேண்டாம். சம்பள நாள் சாராயம், வாயில் எப்போதும் புகையிலை, பல் விளக்க மிஸ்ரி, இவையெல்லாம் நாமே வாங்கிக்கொண்ட வினை. "ஊசி போட்டால்தான் டாக்டர்" என்ற எண்ணமும் நம்முடையதே. வீட்டில் எல்லோரும் தின்ற பிறகு மிச்சத்தைத் தின்னும் பெண்ணின் மாத்திரைக்கு முதலில் காசைக் குறைக்கிறவர்களும் நாம்தான். தகப்பனாருக்கு இருதயம் என்றால் நகையை வைக்கிறோம். தாயாருக்குச் சர்க்கரை என்றால் பாகற்காயைச் சொல்கிறோம்.

வண்டி ஏறினால் நின்றுவிடும் வைத்தியம்

இப்போது ஊரைப் பாருங்கள். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5-ந் தேதி கிருஷ்ணகிரி மாவட்டத்தில் "மக்களைத் தேடி மருத்துவம்" என்ற திட்டம் தொடங்கியது. சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரையைப் பெண் ஊழியர்கள் வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கிறார்கள். படுத்தவர்களுக்கு உடற்பயிற்சி மருத்துவம், நோய் தணிப்புச் சிகிச்சை எல்லாம் வீட்டுக்கே வருகின்றன. 2024-ல் ஐக்கிய நாடுகள் சபையின் விருது அதற்குக் கிடைத்தது. எந்தக் கட்சி ஆட்சி என்று பார்த்து நாம் நல்லதை ஒப்புக்கொள்வதில்லை, நல்லது நல்லதுதான். அதற்கு அடித்தளமாக 1990-களின் நடுவிலிருந்தே தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மருந்துகளை மொத்தமாக வாங்கி அரசு ஆஸ்பத்திரிகளுக்கு இலவசமாக அனுப்பி வருகிறது. ஊரில் தனியாக இருக்கிற நம் ஆச்சிமார் பலர் இன்று நடமாடுவது அந்த மாத்திரையால்தான்.

ஆனால் அந்த ஆச்சியை, பேரன் பிறந்திருக்கிறான் வந்துவிட்டுப் போ என்று நாம் மும்பைக்கு அழைக்கிறோம். ஒன்றரை நாள் ரயில் பயணம். ஊரில் கதவைத் தட்டி வந்த மருந்து இங்கே வருவதில்லை. இங்குள்ள டிஸ்பென்சரியில் புது கேஸ் பேப்பர், புது வரிசை, புது பாஷை. "பழைய சீட்டு எங்கே?" "தமிழில் இருக்கிறது." "அப்படியானால் மறுபடி ரத்தம் எடுக்க வேண்டும்." மகன் அரை நாள் கூலியை விட்டுவிட்டுக் கூட நிற்க வேண்டும். ஆச்சி சொல்கிறார்: "விடப்பா, ஊருக்குப் போய்ப் பார்த்துக்கலாம்." அந்த 'போய்ப் பார்த்துக்கலாம்' நான்கு மாதம் ஆகிறது. இங்கிருந்து கொடைக்குப் போகிறவருக்கும் இதே கதை, திசை மட்டும் வேறு.

இதற்கிடையில் ஊரும் பழைய ஊராக இல்லை. நகரமும் பழைய நகரமாக இல்லை. நம் ஜனங்கள் தாராவியையும் மாதுங்கா லேபர் கேம்ப்பையும் விட்டு, வாடகை தாங்காமல் கல்யாண், அம்பர்நாத், பத்லாபூர், விரார் என்று தள்ளித் தள்ளிப் போகிறார்கள். அங்கே நேற்றுவரை வயல். இன்று எட்டு மாடி. வீடு முதலில் வந்தது, கடை வந்தது, சாராயக் கடையும் வந்தது. அரசு டிஸ்பென்சரி கடைசியாக வரும், வந்தால். பழைய ஆஸ்பத்திரிக்கு லோக்கல் வண்டியில் ஒன்றரை மணி நேரம். காலை ஓபிடிக்கு வர வேண்டுமானால் நாலரை மணி வண்டி. சர்க்கரை ஒரு நாள், இருதயம் ஒரு நாள், கண் ஒரு நாள் என்றால், மாதத்தில் மூன்று நாள் கூலி போயிற்று. மூன்று நாள் வராதவனை எந்த மேஸ்திரி வைத்துக்கொள்வான்? வியாதியைச் சொன்னால் வேலை போகும். சொல்லாவிட்டால் கால் போகும்.

முடியாது என்பது பொய்

"மாநிலம் மாநிலமாக மருந்து கொடுப்பதெல்லாம் நடக்கிற காரியமா?" என்று நம்மிடமே சிலர் கேட்கிறார்கள். நடக்கிறது என்று நாம் நம் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் காட்டுகிறோம்.

நம் பையில் ரயில்வே மருத்துவ அட்டை இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு மும்பையிலும் காட்டலாம், மதுரையிலும் காட்டலாம். ரயில்வே ஆஸ்பத்திரி எங்கிருந்தாலும் செல்லும். நமக்கும் பிரஷர் உண்டு. ஆனால் நம் மாத்திரை நிற்பதில்லை. நாம் புத்திசாலி என்பதாலா? ஒழுக்கசாலி என்பதாலா? இல்லை. நம் முன்னோர் தொழிற்சங்கம் கட்டிப் போராடி வாங்கிய உரிமை. அதே பிளாட்பாரத்தைக் கூட்டுகிற கான்ட்ராக்ட் தொழிலாளி அண்ணாச்சிக்கு அந்த அட்டை இல்லை. தண்டவாளம் ஒன்று, தூசி ஒன்று, பிரஷர் ஒன்று. மாத்திரை மட்டும் இரண்டு விதம். இதை எழுதும்போது நமக்குப் பெருமை இல்லை, உறுத்தல்தான்.

இன்னொன்று. 2019-ல் சில மாநிலங்களில் தொடங்கி, 2022-க்குள் நாடு முழுவதும் ரேஷன் அட்டை மாநில எல்லையைத் தாண்டிவிட்டது. திருநெல்வேலி அட்டைக்கு மும்பையில் அரிசியும் கோதுமையும் வாங்கலாம். அரிசி மாநிலம் தாண்டும்போது, அந்த அரிசியால் ஏறுகிற சர்க்கரைக்கான மாத்திரை ஏன் தாண்டக் கூடாது? 2021-லிருந்து மருத்துவ விவரங்களுக்கென்று பதினான்கு இலக்க எண் கொடுக்கிறார்கள். நல்லது. அந்த எண்ணோடு நம் சீட்டு பயணம் செய்யலாம். ஆனால் சீட்டு மட்டும் வந்து மாத்திரை வராவிட்டால், மூட்டை இல்லாமல் வந்த பார்சல் சீட்டு மாதிரிதான்.

2018-ல் வந்த ஆயுஷ்மான் பாரத் காப்பீடு குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் ரூபாய் என்கிறது. ஆனால் ஆஸ்பத்திரியில் படுத்தால்தான் அது. நடந்து போய் வாங்குகிற மாத மாத்திரைக்கு இல்லை. அதாவது, சிறுநீரகம் கெட்டுப் படுக்கையில் விழுந்தால் லட்சம் உண்டு. கெடாமல் காப்பாற்ற நூறு ரூபாய் மாத்திரைக்கு ஒன்றும் இல்லை. வெள்ளம் வந்தபின் படகு வாங்கித் தருகிறவன், கரையில் இரண்டு கூடை மண் கொட்ட மாட்டேன் என்கிறான். பொதுச் சுகாதாரத்துக்கான அரசுச் செலவை 2025-க்குள் நாட்டு வருமானத்தில் 2.5 சதவீதமாக்குவோம் என்று 2017 தேசிய சுகாதாரக் கொள்கை எழுதி வைத்தது. 2021-22 கணக்குப்படி அது 1.84 சதவீதம். அந்த வருஷத்தின் மொத்த மருத்துவச் செலவில் 39 சதவீதம் மக்கள் தம் மடியிலிருந்து கொடுத்தது.

நாம் கேட்பது

ஆகவே நம் கோரிக்கைகளைச் சுருக்கமாக வைக்கிறோம்.

ஒன்று: சர்க்கரை, பிரஷர், காசநோய், இருதயம், வலிப்பு, மனநோய், இவற்றுக்கு மாதா மாதம் மருந்து வாங்குகிறவருக்கு, நாட்டின் எந்த அரசு டிஸ்பென்சரியிலும் செல்லுபடியாகும் ஒரே புத்தகம் வேண்டும். எந்த மாநிலப் புத்தகம் என்று கேட்காமல் குறைந்தது ஒரு மாதத்து மாத்திரை கொடுக்க வேண்டும். செலவுக் கணக்கை ரேஷனுக்குத் தீர்ப்பதுபோல அரசாங்கங்கள் தமக்குள் தீர்த்துக்கொள்ளட்டும்.

இரண்டு: ஒருவருக்கு நான்கு வியாதி என்றால் நான்கு நாள் அலையவிடக் கூடாது. ஒரே நாளில், ஒரே இடத்தில், ஒரு டாக்டர் எல்லாச் சீட்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 2022-லிருந்து மும்பை மாநகராட்சி "ஆப்லா தவாகானா" என்று சிறு மருத்துவமனைகளைத் திறந்தது. அவற்றில் சாயந்திர நேரமும் வைத்தது கூலிக்காரனின் கடிகாரத்தை அறிந்த காரியம். அந்தக் கடிகாரம் அம்பர்நாத்துக்கும் பத்லாபூருக்கும் போக வேண்டும்.

மூன்று: கான்ட்ராக்ட் தொழிலாளிக்கு இ.எஸ்.ஐ. அட்டை கையில் வந்து சேர வேண்டும். சம்பளத்தில் பிடித்துக்கொண்டு அட்டையைக் கண்ணில் காட்டாத கான்ட்ராக்டர்கள் உண்டு. காசநோய் போன்ற நெடுநாள் வியாதிக்கு இ.எஸ்.ஐ.யில் கூலியின் ஒரு பகுதி மாதக் கணக்கில் கிடைக்கும் என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? அட்டையில்லாதவனுக்குச் சட்டம் இருந்தும் என்ன?

நான்கு: வெளிநோயாளியின் மாத மருந்தையும் காப்பீட்டில் சேர்க்க வேண்டும். சிகிச்சைக்கென்று பயணம் செய்யும் காசநோயாளிக்கும் புற்றுநோயாளிக்கும் டயாலிசிஸ் செய்துகொள்பவருக்கும் ரயிலில் சலுகை உண்டு. கவுண்டரில் கேட்டு வாங்குங்கள், கேட்காதவருக்கு யாரும் கூப்பிட்டுக் கொடுப்பதில்லை. ஆனால் முதியோருக்கு இருந்த பொதுச் சலுகையை 2020 மார்ச்சில் நிறுத்தினார்கள். மாத்திரைக்காக இரு ஊருக்கு அலைகிற முதியோருக்கு அதைத் திருப்பித் தர வேண்டும்.

நாம் செய்வது

கோரிக்கையை எழுதிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு இருப்பது சங்கமாகாது. மதினி இறந்த பிறகு நம் செயற்குழு கூடிச் சில காரியங்களை முடிவு செய்தது.

சாவு வசூல் நோட்டோடு இனி இன்னொரு நோட்டும் இருக்கும். மாத்திரை நோட்டு. வீட்டுக்கு மாதம் 20 ரூபாய். கொடைக்கு வரி கொடுக்கத் தவறாதவர்கள் நாம். இதற்கும் தவற மாட்டோம். மாதக் கடைசியில் மாத்திரை தீர்ந்து கையில் காசில்லாதவர் வெட்கப்படாமல் கேட்கலாம். பெயர் வெளியே வராது. அரசு மக்கள் மருந்தகங்களில் அதே மருந்து கம்பெனிப் பெயரில்லாமல் மலிவாகக் கிடைக்கிறது. எந்த மாத்திரைக்கு எது ஈடு என்று டாக்டரிடம் கேட்டு எழுதி வைத்திருக்கிறோம்.

ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிறு சங்கக் கூட்டத்துக்கு முன் பிரஷர் பார்க்கப்படும். நம் வீட்டுப் பிள்ளைகளில் நர்ஸ் வேலை பார்க்கிறவர்கள் இரண்டு பேர் வர ஒப்புக்கொண்டார்கள். நாற்பது வயதைத் தாண்டிய ஒவ்வொருவருக்கும் ஒரு நூறு பக்க நோட்டு. முதல் பக்கத்தில் பெயர், வயது, இருக்கிற வியாதிகள், ஒத்துக்கொள்ளாத மருந்து. அடுத்த பக்கங்களில் எந்த டாக்டர் எந்தத் தேதியில் என்ன கொடுத்தார் என்று எல்லாம் ஒரே இடத்தில். மருந்தின் பெயரை இங்கிலீஷில் எழுத நம் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் இருக்கிறார்கள். காலை மாத்திரைக்குச் சூரியன், ராத்திரி மாத்திரைக்கு நிலா. எழுதப் படிக்கத் தெரியாத ஆச்சிக்கும் புரியும். அரசாங்கம் அந்தப் புத்தகத்தைக் கொடுக்கிறவரை இதுவே நம் புத்தகம்.

ஊருக்குப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. துணிமூட்டை கட்டுவதற்கு முன் மாத்திரையைக் கட்டுங்கள். எத்தனை நாள் பயணமோ அதற்கு மேல் பதினைந்து நாளுக்குச் சேர்த்து டாக்டரிடம் கேளுங்கள். நோட்டைக் கைப்பையில் வையுங்கள், பெட்டியில் அல்ல. இன்சுலின் போடுகிறவர் ஈரத்துணி சுற்றிய மண்பானைக்குள் அதை வைத்தால், ஐஸ்பெட்டி இல்லாத வீட்டிலும் சூட்டிலிருந்து காப்பாற்றலாம். சர்க்கரை உள்ளவர் ராத்திரி படுக்குமுன் உள்ளங்காலைப் பாருங்கள். தெரியாவிட்டால் பேரப்பிள்ளையைப் பார்க்கச் சொல்லுங்கள். உணர்ச்சி மரத்த காலில் ஆணி குத்தினாலும் வலிக்காது. காய்ச்சல் விட்டதும் நிறுத்துகிற மாத்திரை அல்ல இது. "நல்லாத்தானே இருக்கேன்" என்று நிறுத்தாதீர்கள். மாத்திரை போடுவதால்தான் நன்றாயிருக்கிறீர்கள். எந்த டாக்டரிடம் எந்த வலிக்குப் போனாலும் முதலில் அந்த நோட்டை மேஜையில் வையுங்கள். டாக்டர் பார்க்காவிட்டால், "ஐயா, இதையும் பாருங்கள்" என்று கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு அல்ல. நம் உயிர் அது.

நம்மில் வியாதிக்காரர் என்று யாரையும் ஒதுக்க முடியாது. இன்று வியாதிக்காரர், நாளை வியாதிக்காரர் என்று இரண்டே வகை. நாள்பட்ட வியாதி ஒரு நாளில் கொல்வதில்லை. மாத்திரை தீர்ந்த நாள், கூலி போகுமென்று ஓபிடிக்குப் போகாத நாள், கேஸ் பேப்பரை மறந்துவிட்டு வண்டி ஏறிய நாள் என்று ஒவ்வொரு நாளாகத்தான் கொல்கிறது. அதனால் அதை எதிர்க்கிற சங்கமும் ஒரு நாள் ஊர்வலச் சங்கமாக இருந்தால் போதாது. மாதா மாதம் கதவைத் தட்டுகிற சங்கமாக இருக்க வேண்டும்.

அந்த மதினியின் நான்கு உறைகளும் நம் சங்க அலமாரியில் இருக்கின்றன. மகன் கொண்டுவந்து கொடுத்தான். "வீட்டில் வைக்க மனசு வரவில்லை" என்றான். வரும் முதல் ஞாயிறன்று மாத்திரை நோட்டில் முதல் வரி எழுதப்படும். 20 ரூபாயோடு வாருங்கள். உங்கள் வீட்டில் எத்தனை உறை இருக்கிறதோ அத்தனையும் எடுத்துக்கொண்டு வாருங்கள். உட்கார்ந்து ஒரே நோட்டில் எழுதுவோம்.

பிணத்துக்கு வசூல் செய்வதில் கெட்டிக்காரச் சங்கம் என்ற பெயர் நமக்குப் போதும். இனி வேறு பெயர் எடுப்போம்.